குட்டைக்கால் நாற்காலி

கர்ர்… கர்ர்… கர்ர்… இந்தச் சத்தத்தைப் புடிச்சுக்கிட்டேதான் அண்ணே வந்தேன். ஹால்ல உக்காந்திருக்கப்பவே காதுல விழுந்துச்சு. ரம்பம்! நெசமான ஒரு வேலை நடக்கற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு! கதவைச் சாத்திக்கறேன். நீங்க நிறுத்தாதீங்க, அறுங்க. ரம்பம் ஓடினாத்தான் நான் பேசறது வெளிய போகாது… ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? ஆமா, நான்தான். வாசல்ல பெருசா படம் மாட்டியிருக்கானுங்களே, அதே மூஞ்சி. பேசா ஐயா. பேசறேன்ல? நல்லாவே பேசறேன்ல? வெளிய சொல்லிடாதீங்க.

அட, எந்திரிக்காதீங்க! கும்பிடாதீங்க! ஐயய்யோ, வாயில என்னது, ஆணியா? உதட்டுல அத்தனை ஆணியக் கடிச்சுக்கிட்டா வேலை செய்வாங்க? சரி சரி, எடுக்காதீங்க, இருக்கட்டும். இன்னிக்கு எனக்கு வேணுங்கறதே வாயத் தொறக்காத ஆள்தான்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நாலு காலும் சமமா, கடைசல் புடிச்சு, பாலிஷ் போட்ட நல்ல நாற்காலி. அதுல ஒரு காலை மட்டும் ரெண்டு விரக்கடை அறுன்னா உங்களுக்குக் கை கூசல? பல் டாக்டர் ஏன்னு சொல்லியிருக்க மாட்டான். உங்களைக் கூட்டிக்கிட்டு வந்தானே, ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, அவன்தான் பல் டாக்டர். என் தலைமைச் சீடன். ஒரு காலத்துல எல்லாருக்கும் பல்லைப் புடுங்கினான், இப்ப என் உசுரப் புடுங்கறான். 'ஐயா சாஞ்சு உக்காந்துதான் கேப்பாரு, அதனால நாமளும் சாஞ்சுதான் உக்காரணும்'னு அவனே ஒரு சட்டம் போட்டுட்டான். நான் எதுக்குச் சாயறேன்? என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை! ஏலத்துல யாரும் சீந்தாம மூலையில கெடந்தது. அதுல உக்காந்தா எதிர்ல இருக்கறவன் பக்கமா ஒடம்பு தானா சாயும். அதைக் கருணைங்கறானுங்க. சாயந்தரம் ஆனா இடுப்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கருணைக்குத் தைலம் வேற தேய்க்க வேண்டியிருக்கு.

சரி, அதை விடுங்க, நான் வந்த விசயமே வேற. ஸ்பீக்கர் கேக்குதா, ஜன்னல் வழியா? இடைவேளையில என் வாழ்க்கை வரலாறு வாசிப்பானுங்க. அது முடியறதுக்குள்ள நான் போய் உக்காந்துடணும். இன்னிக்கு அவ வர்றா… என் வீட்டுக்காரி. ஆமா, எனக்குப் பொண்டாட்டி உண்டு. புத்தகத்துலதான் இல்லை. வாராவாரம் மத்தவங்களோட மத்தவங்களா வரிசையில நின்னு வருவா. வெயிலோ மழையோ, கையில ஒரு நீலக் குடை. ஒரு கம்பி ஒடிஞ்சு காக்கா எறக்கை மாதிரி தொங்கும். அதுவும் ஏலத்துல போகாததுதான், நான்தான் கொண்டு போய்க் குடுத்தேன். நான் அவளுக்குக் குடுத்த எல்லாமே ஏலத்துல போகாததுதான், என்னையும் சேத்து.

போன வாரம் எதிர்ல உக்காந்து சொல்றா: 'ஐயா, நான் அக்கா வீட்டோட போயிடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம், மத்தியான பஸ்சு. போறப்ப இங்க வந்துட்டுத்தான் போவேன். என் வீட்டுக்காரர் போகாதன்னு ஒரு வார்த்தை சொன்னா நின்னுடறேன். ஒண்ணே ஒண்ணு போதும். ரெண்டாவது வார்த்தை வந்துச்சுன்னா கெளம்பிடுவேன்.' என் மூஞ்சியவே பாத்துத்தான் சொல்றா, என்னமோ மூணாவது மனுசனைப் பத்திச் சொல்ற மாதிரி! நான் என்ன பண்ணேன்? சாஞ்சு உக்காந்திருந்தேன்.

அதான் ஓடி வந்தேன். தொண்டை துருப்புடிச்சுக் கெடக்குமே, ஒரு தரம் ஓட்டிப் பாத்துக்கலாம்னு. கேளுங்க… போகாத. எப்பிடி? நல்லா வருதில்ல? போகாத. ஆனா பாருங்க, இதோட நிறுத்தத்தான் வரமாட்டேங்குது. போகாத, நீ போயிட்டா அந்தக் கண்ணாடி அலமாரிய யாரு… பாத்தீங்களா! அலமாரி எங்கேருந்து வந்துச்சு? யாரு கூப்பிட்டா அதை?

இந்த வாசிப்பு முடிய இன்னும் நேரம் இருக்கு. இப்பத்தான் பொறந்திருக்கேன். கேக்குதா… 'பிறந்தபோது அந்தக் குழந்தை அழவேயில்லை.' அழலையாம்! நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டதா எங்கம்மா சாகற வரைக்கும் பெருமையாச் சொல்லுவா. அவளும் லேசுப்பட்டவ இல்லை. எங்க வீட்டுல அம்மா பேசுவா, நான் பேசுவேன், அப்பா செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவாரு. அடுத்தது வருது பாருங்க… 'பள்ளிப் பருவத்தில் வகுப்பறைக்கு வெளியே தனித்து நின்று சிந்திப்பார்.' அட எழவே! வாய் ஓயலைன்னு வாத்தியார் வெளிய நிறுத்தினாருங்க! அங்க நின்னுக்கிட்டும் தோட்டக்காரன்கிட்ட கதையடிச்சேன். அவனும் பாவம், வேற பாத்திக்கு மாறிப் போனான்.

என்ன? கையக் காட்டறீங்க? ஜன்னல் பக்கமா? ஓ, அரமா? திண்டுமேல வெச்சுட்டீங்களா? இருங்க, வெளிய தலை தெரியாம குனிஞ்சுக்கிட்டு நானே எடுத்துத் தரேன். இந்தாங்க. வேலைக்கு நடுவுல எந்திரிக்க வேணாம்.

எங்க விட்டேன்… ஆங். வளந்ததும் ஏலக்காரன் ஆனேன். வாய வித்துப் பொழைக்கற தொழில், வேற எதுக்கு லாயக்கு? வீட்டைக் காலி பண்றவங்க, பெத்தவங்க போய்ச் சேந்தவங்க, அவங்க வீட்டுக் கட்டில், பீரோ, மேசை எல்லாத்தையும் கூவி விப்பேன். என் குரலுக்கு மைக்கே கெடையாது. ரம்பத்தை ஒரு நிமிசம் நிறுத்துங்க, கூவிக் காட்டறேன். 'பாருங்கம்மா பாருங்க, தேக்குல செஞ்ச கட்டிலு! மூணு பிரசவம் பாத்த கட்டிலு! கிரீச்சுனு ஒரு சத்தம் வருமா? வராது! ஒரு தரம்… ரெண்டு தரம்… அங்க அண்ணன் கை தூக்கறாரா, தலை சொறியறாரா… மூணு தரம்!' டமார்னு சுத்தியல்! எப்பிடி? உங்களுக்கே கட்டில் வாங்கணும்போல இருக்கில்ல?

அந்தத் தொண்டையிலதான் சதை வளந்துச்சு. கீறி எடுத்துட்டு, காயம் ஆறற வரைக்கும் ஒரு எழுத்துக்கூடப் பேசக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. வீட்டுல உக்கார முடியுமா? ஏலக் கூடத்துக்கே போய், இந்தக் குட்டைக்கால் நாற்காலியில சாஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்பத்தான் பல் டாக்டர் வந்தான். அவங்கம்மா செத்து, அந்தம்மாவோட நிலைக்கண்ணாடிய விக்கறதுக்கு. எப்பவும் போலன்னா 'கவலைப்படாதீங்க, பெல்ஜியம் கண்ணாடி, பறந்துடும்'னு ஆரம்பிச்சிருப்பேன். அன்னிக்கு வாய் இல்லை. அவன் அம்மாவைப் பத்திச் சொன்னான். இன்னும் சொன்னான். அழுதான். மூக்கைச் சிந்தினான். கடைசியில 'நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை எறக்கிட்டீங்க'ன்னு கால்ல விழுந்துட்டான். நான் என்ன எறக்கினேன்? எச்சில்கூட முழுங்கல, தொண்டை வலி!

மறுநாள் கம்பவுண்டரைக் கூட்டிக்கிட்டு வந்தான். அப்புறம் கம்பவுண்டரோட மாமியாரு. அப்புறம் தெருவே வந்துச்சு. காயம் ஆறி, 'இனிமே பேசலாம்'னு டாக்டர் சொல்லிட்டாரு. பல் டாக்டர் காதுல வந்து, 'ஐயா, இப்ப வேணாமே'ங்கறான். நானும் தலைய ஆட்டினேன். அவன்மேல பழி போட்டு என்ன ஆகப்போகுது, எனக்கே ருசி கண்டுடுச்சு. தொண்டை கிழியக் கூவினப்ப ஒரு பய மதிக்கல. வாய மூடினதும் மாலை போடறான். விட்டுட மனசு வருமா? என்ன ஒண்ணு, நான் சேத்து வெச்சிருக்கற பேச்சு இருக்கே… வயித்துல உருளுது அண்ணே. குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு, துண்டை வாயில வெச்சுக்கிட்டுப் பேசறேன். ஒரு மதத்துக்கே தலைவன்! துண்டைக் கடிச்சுக்கிட்டு!

ஏய் ஏய், எங்க எந்திரிச்சீங்க? போகாதீங்க அண்ணே, உக்காருங்க. ஒண்ணுக்கா? கொஞ்சம் அடக்கிக்கோங்க, முக்கியமான எடத்துக்கு இப்பத்தான் வர்றேன். உக்காருங்கறேன்ல. ஆங்.

நான் வீட்டை விட்டு இங்கயே வந்து தங்கினப்புறம், அவ முத தரம் வரிசையில வந்தா பாருங்க. வேவு பாக்க வந்திருக்கான்னுதான் நெனச்சேன். உக்காந்தா. குடைய மடியில வெச்சுக்கிட்டா. 'ஐயா, ஒரு தரம் எனக்கு மார்ல கட்டி மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு நானே தனியாப் போனேன். சதைய எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க, முடிவு வர்ற வரைக்கும் தினமும் ராத்திரி வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடலாம்னு வாயத் தொறப்பேன். அவரு அன்னிக்கு வித்த சோபாவைப் பத்திச் சொல்லிக்கிட்டிருப்பாரு. நடுவுல நொழையவே எடம் கெடைக்கல. அப்புறம் ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. பஸ் ஸ்டாண்டு கடையில தனியா நின்னு ஒரு கோன் ஐஸ் வாங்கிச் சாப்பிட்டேன்'னா. அவ்வளவுதான். குடைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

அந்த சோபா எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணே. பச்சை சோபா. யாரு எடுத்தா, என்ன சொல்லி எடுத்தா, எல்லாம் ஞாபகம் இருக்கு. அவ மூஞ்சி அப்ப எப்பிடி இருந்துச்சுன்னு மட்டும் எவ்வளவு யோசிச்சாலும் வரல.

கண்ணு ரெண்டும் கொட்டுச்சு எனக்கு. பல் டாக்டர் ஓடி வந்து கர்சீப்பால ஒத்தி எடுத்து, அதைக் கண்ணாடிப் பொட்டியில வெச்சுட்டான். 'உலகத்துக்காக அழுதார்'னு சீட்டு எழுதி ஒட்டியிருக்கான், போறப்ப பாருங்க.

அப்புறம் விடாம வந்தா. அவளுக்குப் பாட வரும்னு இங்க உக்காந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். இருட்டுன்னா பயம்ங்கறதும் இங்கதான். இவ்வளவு வருசம் ஒரே வீட்டுல! ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே சொல்றா, 'இந்த ஐயாவை மொதல்லயே பாத்திருந்தா இவரையே கட்டியிருப்பேன்.' அதுதான் அண்ணே பயமே. வாயத் தொறந்தா ஐயா போயிடுவான், ஏலக்காரன் வந்து நிப்பான். தொறக்கலைன்னா அவ போயிடுவா. ஒரே ஒரு வார்த்தை, அதுக்கப்புறம் கப்புனு மூடிக்கணும். இது வரைக்கும் என் வாழ்க்கையில அப்பிடி நடந்ததே இல்லை.

என்ன, திரும்பவும் ஜன்னலா? கைய ஏன் இப்பிடி ஆட்டறீங்க? ஓ… சத்தம் வெளிய போகுதுங்கறீங்களா? யாராவது கேட்டுடுவாங்கன்னு? நல்ல மனுசன் அண்ணே நீங்க. தலையக் காட்டினா பாத்துடுவானுங்க, பின்னால கைய விட்டே சாத்திடறேன். ம்… வரமாட்டேங்குது பாரு… ஆங், தாழ்ப்பாளும் போட்டாச்சு. இனிமே நிம்மதியாப் பேசலாம்.

இப்பப் பாருங்க, கடைசி ஒத்திகை. நீங்கதான் அவ. நான் நாற்காலியில. நீங்க வர்றீங்க, உக்கார்றீங்க, நான் உங்களையே பாக்கறேன், போகாத. அவ்வளவுதான். மூடிட்டேன்… மூடிட்டேனா? …இதோ மறுபடியும் பேசறேன். சரி, இன்னொரு தரம். அவ சிரிச்சான்னா? சிரிச்சா நான் என்ன பண்ணணும்? சும்மா இருக்க முடியுமா, ஒரு பேச்சுக்கு 'நல்லா இருக்கியா'ன்னாவது…

என்னண்ணே, ஆணியெல்லாம் உள்ளங்கையில துப்பிட்டீங்க? என்ன சொல்றீங்க? மெதுவாச் சொல்லுங்க.

…நீலக் குடையா?

எப்ப? …அரம் எடுத்துக் குடுத்தேனே, அப்பவா? இல்ல இல்ல, வாசிப்பு இன்னும் முடியலையே, ஸ்பீக்கர்ல… ஸ்பீக்கர் சத்தத்தையே காணோமே. நின்னு எவ்வளவு நேரமாச்சு? இந்த எழவு தாழ்ப்பாள்… தொறந்துடுச்சு.

முற்றத்துல யாரையும் காணோம். ஹால் கதவு தொறந்திருக்கு, என் நாற்காலி காலியா இருக்கு. பல் டாக்டர் அதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். 'ஐயா மறைந்தருளினார்'னு அடுத்த பதிப்புல ஏத்திடுவான்.

இங்கயா நின்னா? இந்த ஜன்னலுக்கு நேராவா? …கூவினேனே, கட்டிலு, அதையும் கேட்டாளா? …சிரிச்சாளா? நெசமாவா? …அப்புறம்? பச்சை சோபாவையும் கேட்டாளா? …கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. ம். அப்புறமும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. ம்.

நான் ஜன்னலைச் சாத்தினப்ப?

…குடைய விரிச்சுக்கிட்டா. ம்.

நீங்க பாவம், கையக் காட்டினீங்க. அரத்தை எடுத்துக் குடுத்தேன். எந்திரிச்சீங்க. புடிச்சு உக்கார வெச்சேன். அப்புறமும் கைய ஆட்டினீங்க… மூணு தரம். ஏலக்காரனுக்கு மூணு தரத்துக்கு மேல கணக்கு கெடையாது அண்ணே.

கேக்குதா? பஸ்சு ஹாரன். முக்குல திரும்புது. இப்ப ஓடினாலும் புடிச்சுடலாம்… புடிச்சு, ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு, ஒரு வார்த்தையோடயா விடுவேன்? அலமாரி வந்துடும். சோபா வந்துடும். பஸ்சு கெளம்பற வரைக்கும் பேசுவேன். பாவம், அவ அக்கா வீட்டுக்காவது காதோட போய்ச் சேரட்டும்.

…

அந்த உப்புத்தாளைக் குடுங்க.

அறுத்த முனையில சிராய் நிக்கும், உக்கார்றவங்க காலைக் கீறிடும். நீங்க அறுங்க. நான் தேய்க்கறேன்.

எந்தக் கால்… இதா?

ம்.