அல்லா பிச்சை பாயின் மஞ்சள் கோடு

மேடையில் வீற்றிருக்கும் கூட்டத் தலைவர், பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மதிப்பிற்குரிய நெடுமாறன் அவர்களே, எங்கள் எஞ்சின் மேஸ்திரி குஞ்சிதபாதம் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அல்லா பிச்சை பாயின் துணைவியார் முனவரா அக்கா அவர்களே, முதல் ஷிஃப்ட் முடித்துச் சாப்பிடக்கூடப் போகாமல் சீருடையோடு வந்திருக்கும் டயர் பிரிவுத் தோழர்களே, காடாம்புலியூரிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் பிரபாவதி. வெல்டர். மந்தாரக்குப்பம் பட்டறையில் நம் இருபத்தேழாம் நம்பர் பந்தயக் காருக்குப் பாதுகாப்புக் கூண்டு கட்டியவள். மைக் பிடித்துப் பழக்கமில்லை. பழக்கமுள்ள ஐந்து பேர் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நன்றாகத்தான் பேசினார்கள், ஒன்றைத் தவிர.

"அல்லா பிச்சை தங்கமான மனிதர். ஒரே ஒரு தவறு செய்தார். போனவர் மேல் என்ன கோபம், அதை மன்னித்துவிடுவோம்" என்று தலைவர் சொன்னார். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். தலைவர் அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான் நான் எழுந்து வந்திருக்கிறேன். பாய்க்கு அது தேவையில்லை. யாருக்குத் தேவை என்று நான் சொல்லி முடிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த மேசையைப் பாருங்கள். படம் வைத்து மாலை போட வேண்டாம் என்று முனவரா அக்கா சொல்லிவிட்டார்கள். மேசை வெறுமனே இருக்கிறதே, நட்டு சரியாக இறுகியதும் 'டக்' என்று சொல்கிற அவருடைய டார்க் ரெஞ்சையாவது கொண்டுவந்து வையுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். நான் தரவில்லை. ஏன் தரவில்லை என்பதையும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

யார் இந்த அல்லா பிச்சை? இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் டம்பர் லாரி டயர்களைக் கழற்றி மாட்டியவர். ஷிஃப்ட் முடிந்தால் பட்டறை. லீவு நாள் என்றாலும் பட்டறை. காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பில் கோழி அடைந்துகொண்டிருந்த பழைய மாருதி எஸ்டீம் காரை "இது ஓடும்" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். நாங்கள் சிரித்தோம். குஞ்சிதபாதம் சார் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு இன்னும் பலமாகச் சிரித்தார். ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் கார், சென்னைக்குப் பக்கத்துப் பந்தயத் தடத்தில், பெரிய பெரிய லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் கார்களுக்கு நடுவே ஓடி நான்காவதாக வந்தது. நெய்வேலியிலிருந்து கார் பந்தயமா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? இங்கேயே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களையும் வரவேற்கிறேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஒரு போல்ட்டை முறுக்குகிறாரோ, அவரே நட்டையும் பக்கத்து இரும்பையும் சேர்த்து ஒரு சாயக் கோடு போட வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். குஞ்சிதபாதம் சாருக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை, பாய்க்கு மஞ்சள். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும், பார்த்தவுடன் தெரியும். ஒருவர் நிறத்தை இன்னொருவர் தொடவே கூடாது. காரை ஓட்டுகிற இனியன் எந்த நட்டையும் தொடக் கூடாது. இதெல்லாம் பாய் போட்ட சட்டம்.

சாயம் என்ன சாயம்? நகப் பாலிஷ்தான். அதுதான் சூட்டுக்குத் தாங்கியது. மஞ்சள் நகப் பாலிஷ் எங்கேயும் கிடைக்காமல், பாய் பஜாரில் ஒவ்வொரு ஃபேன்சி ஸ்டோராக ஏறி இறங்குவார். ஒருமுறை நானும் கூட இருந்தேன்.

"வூட்டுக்காரம்மாவுக்கா பாய்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லபா, மாருதிக்கு" என்றார் பாய், முகம் மாறாமல். கடைக்காரர் மாருதி யார் என்று கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

நான் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம் பாய் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இத பாரும்மா. கோடு இல்லன்னா முறுக்கலன்னு அர்த்தம். ரெஞ்சு சக்கரத்துல சாஞ்சிகினு இருந்தாலும் முறுக்கலன்னு அர்த்தம். என்னியத் தேடிப் புடிச்சிக் கேக்கணும். நீயா நெனச்சிக்கக் கூடாது." நீயா நினைத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போன ஜனவரிக்கு வருவோம். அன்றைக்கு நடந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. இடது பின் சக்கரம் இரண்டாவது வளைவில் கழன்று ஓடியது. கார் சுவரில் மோதியது. இனியனுக்குக் காறை எலும்பு முறிந்தது. கழன்ற சக்கரத்தில் இருந்த கோடு மஞ்சள். பாய் நட்டை முறுக்காமல் அஸர் தொழப் போய்விட்டார், அதனால்தான் நடந்தது. இதுதானே கதை? டீக்கடையில் பேசினார்கள், கம்பெனி பஸ்ஸில் பேசினார்கள். இந்த ஊரில் எல்லா மாவட்டத்து ஜனங்களும் இருக்கிறோம், எல்லா சாமியையும் கும்பிடுகிறோம். ஷிஃப்டுக்கு நடுவில் சாமி கும்பிடாதவர் இங்கே யார்? ஆனால் ஒரு மனிதன் ஏழு நிமிஷம் தொழுதது மட்டும் குற்றமாகிவிட்டது.

உண்மையில் நடந்ததைக் கேளுங்கள். பந்தயத்துக்கு முன்னால் பின்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று இனியன் சொன்னான். பாய் இடது பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக்கைப் பார்த்தார். இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று நான்கு நட்டையும் கையால் மட்டும் திருகினார். கோடு போடவில்லை. ரெஞ்சை அந்தச் சக்கரத்தில் சாய்த்து வைத்தார். நேரம் இருந்தது, தொழப் போனார். அவர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் போனார்.

அப்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று பந்தயத்தைப் பன்னிரண்டு நிமிஷம் முன்னதாகக் கூப்பிட்டார்கள். கடைசியாகக் காரைச் சுற்றி வந்து, கோடுகளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை ஒருவருடையது. அந்த ஆள் இடது பின் சக்கரத்தில் கோடு இல்லாததைப் பார்த்தார். ரெஞ்ச் சாய்ந்திருப்பதையும் பார்த்தார். பாயாவது, முறுக்காமல் போவதாவது? முறுக்கியிருப்பார், கோடு போட மறந்திருப்பார் என்று நினைத்தார். ரெஞ்சை எடுத்து ஓரமாக வைத்தார். பாயின் டப்பாவிலிருந்து மஞ்சள் பாலிஷை எடுத்து நான்கு கோடு போட்டார். காரை அனுப்பினார்.

அந்த ஆள் நான்.

நான்தான். நானாக நினைத்துக்கொண்டேன். அவர் மேல் இருந்த நம்பிக்கையில் அவர் போட்ட சட்டத்தையே மீறினேன். அவருடைய நிறத்தில் பொய்க் கோடு போட்டேன். குஞ்சிதபாதம் சார், நீங்கள் இப்படி என்னைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாருங்கள்.

விசாரணை நடந்தது. அதிகாரிகள் சக்கரத்தை மேசை மேல் வைத்தார்கள். பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் எப்போதும் நட்டில் ஆரம்பித்து வெளியே இழுப்பார். நான் அவசரத்தில் வெளியே ஆரம்பித்து நட்டுக்கு இழுத்திருந்தேன். பிரஷ் முதலில் படுகிற இடத்தில்தான் பாலிஷ் தடிப்பாக இருக்கும். அது தன் கை இல்லை என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

"மஞ்சள் என்னுதுங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு இரண்டு வருஷம் தடை. தடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. காருக்கு ஒரு வருஷம்.

திரும்பி வரும்போது வேனில் நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். ஏன் பாய் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். விழுப்புரம் தாண்டியதும் பாய் சொன்னார். "கூண்டு சர்ட்டிபிகேட்டு உன் பேர்ல கீது. உன்னியத் தடை பண்ணா கூண்டையும் சந்தேகப்படுவாங்க. வண்டி அதோட முடிஞ்சிது. பொம்பள வெல்டிங்கு பண்ணா இப்பிடித்தான்னு வேற பேசிகினு இருப்பானுங்க. என் பேரு போனா நாலு நட்டோட போவும். வண்டி மறுபடி ஓடுற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது, ஆமா." என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன். கொடுத்தது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரு வருஷம் என்ன நடந்தது? பாய் ஒருநாள்கூடப் பட்டறைக்கு வராமல் இருக்கவில்லை. நசுங்கிய பின்பக்கத்தை என்னோடு சேர்ந்து நிமிர்த்தினார். நான்கு சக்கரத்துக்கும் புது பிரேக் போட்டார். அவர் பட்டறைக்குள் நுழைந்தால் இனியன் வெளியே போவான். அவரிடம் ஒரு ஸ்பேனர் வாங்க வேண்டுமென்றாலும் குஞ்சிதபாதம் சார் வழியாகத்தான் கேட்பான். தம்பி இனியன், கடைசி வரிசையில் நிற்கிறாய். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எலும்பு உன்னுடையது, கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் நீ ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தது தப்பான ஆளோடு. பேசாமல் இருந்திருக்க வேண்டியது என்னோடு. நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். நான் குடித்தேன். பாய் உன்னைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "வுடும்மா, மறுபடி ஒக்காந்து ஓட்டுனா சரியாப் பூடுவான்" என்றார்.

பத்து நாளைக்கு முன்னால், சேத்தியாத்தோப்பு பஸ்ஸில், காலை வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே பாய் போய்விட்டார். மாரடைப்பு என்றார்கள். கார் மறுபடி ஓட இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது. அவருக்குத் தடை முடியவில்லை. வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கே நின்றால் இரண்டாவது வளைவு தெரியும், நான் அங்கே நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி ஓடும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்றார் பாய். வண்டி இன்னும் ஓடவில்லை. நான் திறந்துவிட்டேன். சத்தியத்தை மீறிவிட்டேன். இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உயிரோடு இருந்தவரை அந்தப் பழி அவர் விருப்பப்பட்டுச் சுமந்தது. போன பிறகும் அதை அவர் தலையில் விட்டுவைக்க நான் யார்? நீங்கள் யார்? "ஒரே ஒரு தவறு செய்தார்" என்று பிள்ளைகள் காதில் விழும்படி ஒரு கூட்டம் போட்டு அவரை வழியனுப்பலாமா?

நேற்று மாலை முனவரா அக்காவிடம் முதலில் சொன்னேன். "எனக்குத் தெரியும். டப்பா வூட்டுக்கு வந்தப்ப பாலிஷ் பாட்டிலு மூடி சரியா மூடாம இருந்துச்சு. அவரு அப்பிடி வெக்க மாட்டாரு. கடைசியா வண்டியச் சுத்திப் பாத்து அனுப்புறது நீதான" என்றார்கள். ஒரு வருஷமாகத் தெரிந்தும் எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். அக்கா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அந்தச் சக்கரம் உங்கள் வீட்டுக்காரர் விட்ட சக்கரம் இல்லை.

இன்று காலை பந்தயம் நடத்துகிறவர்களுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டுவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அல்லா பிச்சை பெயரில் இருக்கும் தடையை எடுங்கள், என் பெயரில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். கூண்டைச் சந்தேகப்படுவார்களா? படட்டும். உங்கள் ஆளை அனுப்புங்கள், ஒவ்வொரு வெல்டிங்கையும் சோதியுங்கள், தேவையென்றால் அறுத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். பொம்பளை வெல்டிங் என்று பேசுகிறவர்களும் கூடவே வரலாம். நான் செய்த தப்பு நான்கு கோடு. என் கூண்டில் தப்பு இல்லை. அன்றைக்குச் சுவரில் மோதிய காரிலிருந்து இனியன் நடந்து வெளியே வந்தானே, அந்தக் கூண்டு கட்டியது யார்?

போதும், காரை விற்றுவிடுங்கள் என்கிறார்கள். ராசியில்லாத வண்டி என்கிறார்கள். தலைவர் அவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். சங்கத்தின் சார்பில் மரியாதையோடு ஒதுங்கிக்கொள்வோம் என்றார். ஒதுங்க மாட்டோம். நான் போக முடியாவிட்டால் குஞ்சிதபாதம் சார் போவார். அவரும் என்மேல் உள்ள கோபத்தில் வரமாட்டேன் என்றால், கார் எப்படிப் போகும் என்று எனக்கு இன்றைக்குத் தெரியாது. ஆனால் போகும். வேப்பமரத்தடியில் நான் நிற்பேன்.

பாயின் மஞ்சளை இனி யாரும் எடுக்க மாட்டோம். ஒரு முறை எடுத்ததே போதும். பாய் போவதற்கு முந்தின நாள் பிரேக் போல்ட்டுகளை முறுக்கி முடித்தார். எட்டு போல்ட், எட்டு மஞ்சள் கோடு. நட்டில் ஆரம்பித்து வெளியே இழுத்த கோடு. அவற்றைக் கழற்றவும் மாட்டோம், அழிக்கவும் மாட்டோம். தடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவருக்குத்தான் உத்தரவு. அவர் கோட்டுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது உள்ளே போகும், ஓடும்.

டார்க் ரெஞ்சை ஏன் இங்கே கொண்டுவரவில்லை என்று சொல்ல வேண்டுமே. அது பட்டறையில், இடது பின் சக்கரத்தில் சாய்ந்திருக்கிறது. இன்று காலை நான்தான் சாய்த்து வைத்தேன். அப்படி இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

இனியன், கூட்டம் முடிந்ததும் நான் நேரே அங்கேதான் போகிறேன். வந்து பக்கத்தில் நில். நான்கு நட்டிலும் 'டக்' என்று உன் காதில் விழுந்த பிறகு கோடு போடுகிறேன். வெள்ளைக் கோடு.