படத்தில் வலை வீசுபவர்

லாசப்பல் மெத்ரோ ரயில் நிலையத்தில் உட்கார இடம் கிடைத்தால் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, பக்கத்தில் பேசுவதைக் கேட்கக் காது இருக்கிறதே! எதிர்ச்சுவரில் ஒரு கடற்கரைப் படம். தோணியில் ஒருவர் வலை வீசுகிறார். பக்கத்தில் இருந்த பெண் தன் தோழியை உலுக்கினாள்.

“அக்கா, அது என்ரை அண்ணை!”

“விசரே உனக்கு? அது இலங்கைக்கு உல்லாசப் பயணம் கூப்பிடுற விளம்பரமெல்லோ.”

“ஓம், அவரேதான். ஹோட்டல் வந்தாப் பிறகு அந்தக் கரையிலை ஒருத்தரையும் மீன்பிடிக்க விடுறாங்களில்லை. மீன் நாத்தம் மணக்குதாம்.”

“அப்ப கையிலை வலை?”

“வெள்ளைக்காரர் படமெடுக்க வீசிக் காட்டவேணும். அதுக்குத்தான் சம்பளம்.”

“மீன் பட்டால்?”

“திருப்பிக் கடலிலை விடவேணுமாம். கடலுக்கு முன்னாலை இருந்துகொண்டு எங்கட வீட்டிலை டின்மீன் கறி, அக்கா!”