ஒன்றரை அங்குலம்

— கையெழுத்து போட மாட்டேன்னா என்னண்ணா அர்த்தம்? படியில நீ இன்னும் கால்கூட வைக்கல!

— வைக்க வேணாம் பாப்பா. இங்க நின்னு பாத்தாலே தெரியுது.

— பாப்பா கீப்பான்னு கூப்பிடாத. வீட்டுல தங்கச்சி, இங்க தச்சு வேலைக்காரி. நீ கட்டட இன்ஸ்பெக்டர். என்ன குறைன்னு எழுதிக் குடு. கைப்பிடி ஆடுதா? தொங்கிப் பாரு, அசையாது. படியைத் தாங்கற பக்கப் பலகைய ஆணி அடிச்சு ஒட்ட வைக்கல, பின்வாசல் மரத் திண்ணை இருக்கே, இந்த டெக், அதோட சட்டத்துல போல்ட் போட்டு முறுக்கியிருக்கேன். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல குழந்தை தலை நுழையாது. அப்புறம் என்ன?

— எல்லாம் பிரமாதம். இந்த மாதிரி கைப்பிடி நான் பாத்ததே இல்ல.

— நக்கலா?

— சத்தியமா இல்ல. படி உயரம் எவ்வளவு வெச்சிருக்க?

— ஏழு இஞ்சு. தரையிலேருந்து டெக் வரைக்கும் ஆறு ஏத்தம், ஆறும் ஏழு. கண்ணை மூடிக்கிட்டே அளக்கலாம்.

— தொறந்துக்கிட்டே அள. இந்தா டேப். மேலேருந்து வா.

— ஆமா, பெரிய பரீட்சை. சரிங்க இன்ஸ்பெக்டர் சார். முதல்ல ஏழு. ரெண்டாவது ஏழு. மூணு, ஏழு. நல்லாப் பாத்துக்கோ, மயிரிழை பிசகல. நாலு, ஏழு. அஞ்சு, ஏழு. போதுமா?

— சரி சரி. இன்னும் ஒண்ணு இருக்கு.

— அதுவும் ஏழுதான். அஞ்சு மணிக்கு வீட்டுக்காரங்க சாமான் செட்டோட வந்து இறங்கறாங்க. நீ என்னடான்னா சாவகாசமா நின்னு விளையாட்டு காட்டற.

— குனிஞ்சு அள.

— உனக்கு இதுல என்னமோ ஒரு திருப்தி. இது பாஸ் ஆனாத்தான் ஸ்கூல் படி வேலை எனக்குக் கிடைக்கும்னு உனக்கு நல்லாத் தெரியும். அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதுலேருந்து உன் வாசலை நான் மிதிக்கலல்ல, அந்தக் கடுப்பை இங்க வந்து தீத்துக்கற.

— எனக்கு என்ன கடுப்பு?

— ஏன் இருக்காது? வழவழன்னு டைல் போட்ட பாத்ரூம்ல அம்மாவைத் தனியா விட்டுட்டு நீயும் அண்ணியும் டிவி பாத்தீங்க. இடுப்பு ஒடைஞ்சு போச்சு. ரெண்டு வருஷமா கைத்தாங்கலா நடத்திக் கூட்டிட்டுப் போறது நான். ஒரு பாத்ரூமை ஈரமில்லாம வெச்சுக்கத் தெரியாதவரு, என் படிய அளக்க வந்துட்டாரு.

— கடைசி ஏத்தம் பாப்பா.

— பேச்சை மாத்தாத.

— மாத்தத்தான் செய்யறேன். அள.

— ... எட்டரை.

— இன்னொரு தடவை.

— எட்டரைதான் வருது. எப்படிண்ணா? தரை தாழ்ந்திருக்கும். இங்க மண்ணை நிரவினவன் ஒழுங்கா நிரவியிருக்க மாட்டான்.

— தரை மேல பழி போடாத. நீ வர்றதுக்கு முன்னாடியே மட்டம் வெச்சுப் பாத்துட்டேன். டெக் உயரத்தை எப்ப அளந்த? மேல பலகை பாவறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— முன்னாடி. வெறும் சட்டம் நிக்கறப்பவே அளந்து, பக்கப் பலகைய வெட்டி வெச்சுடுவேன். வேலை சட்டுனு முடியும். எப்பவும் அப்படித்தான்.

— அப்புறம் டெக் மேல ஒண்ணரை இஞ்சுப் பலகை ஏறுது. ஒவ்வொரு படி மேலயும் ஒண்ணரை இஞ்சுப் பலகை ஏறுது. ரெண்டும் சேந்தே ஏறினதால மேல எல்லாம் ஏழாவே நிக்குது. தரை மேல என்ன ஏறிச்சு?

— ... ஒண்ணும் ஏறல.

— அந்த ஒண்ணரைதான் இது. இறங்கறவங்க கால் ஏழு, ஏழுன்னு பழகிக்கிட்டே வரும். கடைசியில தரை வந்துடுச்சுன்னு நம்பி வெயிட்டைப் போடும். தரை இருக்காது.

— அண்ணா.

— ம்.

— நான் எல்லாத்தையும் இப்படித்தான் வெட்டினேன்.

— தெரியும்.

— பதினோரு வீடுண்ணா! மொத மொத உன் வீட்டுப் பின்பக்கம் கட்டினேனே, அதுலேருந்து. எல்லாம் பாஸ் ஆச்சே?

— அங்கெல்லாம் வந்தது வேற இன்ஸ்பெக்டர். அவரு மேல ரெண்டு படிய அளந்துட்டு டீ குடிக்கப் போயிடுவாரு.

— ஐயோ, டீச்சர் வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க. அந்த டிரைவர் வீட்டுல வயசானவர் ஒருத்தர் இருக்காரு, கண்ணு சரியாத் தெரியாது. வண்டிய எடு. இப்பவே போய் ஒவ்வொரு வீடா கயிறு கட்டி மறிச்சுட்டு வந்துடலாம்.

— உக்காரு முதல்ல. அங்க யாரும் விழ மாட்டாங்க. எல்லா இடத்துலயும் படிக்குக் கீழ ஒண்ணரை இஞ்சு கனத்துல கல்லு போட்டிருக்கு. ரெண்டு காலும் தாராளமா நிக்கற அளவு அகலமான கல்லு. இப்ப அளந்தா ஏழுதான் வரும்.

— யாரு போட்டது?

— நான்தான். கால்ல சேறு ஒட்டாதுன்னு சொல்லிப் போட்டேன். சும்மா வர்ற கல்ல யாரு வேணாம்பாங்க?

— பதினோரு வீட்டுலயும்?

— ம்.

— அப்ப இங்கயும் ஒரு கல்லைப் போட்டுக் கையெழுத்து போட வேண்டியதுதானே? எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தற?

— மண்ணு மேல கிடக்கற கல்லு பாப்பா, ஒரு மழைக்கே நகந்துடும். மழை விட்டதும் வீடு வீடாப் போய் நிமித்தி வெச்சுட்டு வர்றேன். அடுத்த மாசம் எனக்கு மாத்தல். அங்கேருந்து ஓடி வர முடியாது. இனிமே நீதான் பக்கப் பலகைய புதுசா வெட்டிப் போடணும், பதினொண்ணுக்கும், இதுக்கும். இன்னிக்கு வர்றவங்க முன்வாசல் வழியாப் போகட்டும்.

— செய்யறேன். எல்லாத்தையும் பிரிச்சுச் செய்யறேன். ஆனா ரெண்டு வருஷமா வாய மூடிக்கிட்டு கல்லு சுமந்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே திருத்தியிருப்பேன்ல? இத்தனை வீட்டுல இந்தத் தப்பு நடந்திருக்குமா?

— அது என் தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.

— யாரு?

— விழுந்தவங்க.

— விழுந்தாங்களா? என் படியிலயா? எப்பண்ணா? உயிரோட இருக்காங்களா?

— இருக்காங்க. வலியில துடிச்சுக்கிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியில என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. 'புருஷன் போனதுக்கு அப்புறம் இப்பதான் அவ உளியக் கையில எடுத்து மனுஷியா நடமாடறா. இது தெரிஞ்சா திரும்ப இருட்டுக்குள்ள போய்ப் படுத்துக்குவா. நீ ஏதாவது சொல்லிச் சமாளி'ன்னாங்க. சமாளிச்சேன்.

— என்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்களா? யாருண்ணா அது? எந்த வீடுன்னு சொல்லு, இப்பவே போய்க் கால்ல விழறேன்.

— உன் வீட்டுக்குப் போ பாப்பா. அம்மா பாத்ரூம்ல விழல.