பலகை இல்லாத மேடை

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி வசதியாக இருக்கிறது, மேடம். எங்கள் கிளப் மாடியில் போட்டிருப்பவை எல்லாம் பிளாஸ்டிக். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு போய்விடும். சனிக்கிழமைகளில் அங்கேதான் வீடியோ கேம் போட்டி நடத்துகிறேன். நான் நடத்தாவிட்டால் இப்ஸ்விச்சில் வேறு நாதியில்லை. டிவிகளைத் தூக்கி வருவது நான், விதிகளை எழுதியது நான். ஸாஸேஜ் ரோல் தின்ற கையோடு இவர்கள் தொட்ட கன்ட்ரோலர்களைத் துடைத்து வைப்பதும் நான்தான். அந்தப் பிசுக்கை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

நீங்கள் ஆடியதில்லை என்றீர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு பேர் ஒரு மேடையில் நின்று சண்டை போடுவார்கள். எதிராளியை வெளியே அடித்துத் தள்ளினால் அவனுக்கு ஓர் உயிர் போகும், எல்லா உயிரும் போனால் தோற்றான், அவ்வளவுதான். சில மேடைகளில் தலைக்கு மேலே பலகைகள் மிதக்கும், தாவி ஏறிக்கொள்ளலாம். சில மேடைகள் வெறும் தரை. என் ஆள் ஒரு கல் மல்லன். தாவத் தெரியாது, பறக்கத் தெரியாது. ஆனால் தரையில் அவன் கைக்கு எட்டினால் எதிராளி தொலைந்தான். ஆகவே எனக்கு மேடைதான் பாதி ஆட்டம். பலகை இருந்தால் எதிராளி மேலே குதித்துக் குதித்து என்னைக் கிறுக்கனாக்குவான். அப்படி ஆடுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு. நேராக நின்று சண்டை போடத் துப்பில்லாதவர்கள்.

போட்டிக்கு வரும் லோசா என்ற பெண் அப்படித்தான் ஆடினாள். ஆட்டத்தில் அவள் ஆள் ஒரு பழந்தின்னி வௌவால். குட்னாவிலிருந்து ரயிலில் வருவாள், அம்மா எண்ணெயில் பொரித்த பனிகேகே மாவுருண்டைகளை டப்பா நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டுவாள். மறுபடியும் எண்ணெய். என்னைப் "பெருசு" என்பாள். அங்கே எல்லோரையும்விட வயதில் மூத்தவன் நான்தான், தப்பில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.

மின்னி மின்னி அணையும் வெளிச்சம் அவளுக்கு ஆகாது, வலிப்பு வந்துவிடும். முதல் நாளே என்னிடம் வந்து சொன்னாள். எங்கள் ஆட்டத்தில் புயல் மேடை என்று ஒன்று உண்டு. பின்னால் ஓயாமல் மின்னல் வெட்டும். அதைப் பட்டியலிலிருந்து நானே எடுத்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

எங்கள் வழக்கம் இது: மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும், தோற்றவர் அடுத்த மேடையைத் தேர்ந்தெடுக்கலாம், அதற்கு முன்பு ஜெயித்தவர் ஒரே ஒரு மேடையைத் தடை செய்யலாம். லோசா முதல் ஆட்டத்தை ஜெயிப்பாள், உடனே உப்பளத்தைத் தடை செய்வாள். எங்கள் பட்டியலில் பலகையே இல்லாத மேடை அது ஒன்றுதான். பிறகு நான் எதை எடுத்தாலும் தோற்பேன். வாராவாரம் இதே கூத்து. அப்போதுதான் யோசித்தேன். புயல் மேடை பட்டியலில் இருந்தால் அவள் தன் ஒரே தடையை அதற்குச் செலவழித்தாக வேண்டும். உப்பளம் எனக்குக் கிடைத்துவிடும். அவள் உடம்பை அவள்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

இறுதிப் போட்டிக்கு முன்னால் பட்டியலில் அதைச் சேர்த்தேன். மைக்கில் வர்ணனை சொல்லும் பிரெண்ட் என்ற பையன் கவனித்துவிட்டான்.

"தலைவரே, புயல் எப்படி உள்ள வந்துச்சு? லோசாவுக்கு ஆகாதுல்ல?"

"அதுக்குத்தான தடை இருக்கு. பண்ணிக்கட்டும்."

"என்னமோ போங்க," என்று மைக்கைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டான்.

முதல் ஆட்டத்தை அவள் ஜெயித்தாள். பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள்.

"பெருசு, என் தடைய உருவப் பாக்குறியா? உன் திருட்டு முழிய பாத்தா தெரியாதா?"

"விதி விதிதான்."

"சரி. நான் உப்பளத்தையே தடை பண்றேன். புயல நீ எடுக்க மாட்ட. நீ சரியான முசுடு. ஆனா கெட்டவன் இல்ல."

எண்ணெய்க் கையால் என் தோளில் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னை நல்லவன் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள், அதுவும் அத்தனை பேர் முன்னால். அதைவிட அசிங்கமாக யாரும் என்னை அடித்ததில்லை. சட்டையில் அந்தக் கறை இருந்தது. மீதி மேடைகளில் ஒன்றை எடுக்க வேண்டும், புயலை எடுத்தேன்.

"ஏய், வெளாடாத. மாத்து."

"தொடங்கியாச்சு. வேணும்னா நீ நிறுத்திக்க."

நடுவில் ஆட்டத்தை நிறுத்துபவருக்கு ஓர் உயிர் குறையும். அது எங்கள் விதி. அவளுக்கு ரோஷம் அதிகம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆடினாள், நன்றாகவே ஆடினாள். பிறகு வௌவால் நகராமல் நின்றது.

எங்கள் கூட்டத்தில் ஆடுகிறவரை யாரும் பார்க்க மாட்டார்கள், மேடம். திரையைத்தான் பார்ப்பார்கள். பிரெண்ட் மைக்கில், "அசையாம நிக்கிறா பாருங்க. பெருசுக்கு வல விரிக்கிறா," என்றான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரசித்தார்கள். அவள் குதிகால் மேசைக் காலில் தடதடவென்று இடித்தது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. வாயிலிருந்து நுரை வழிந்து கன்ட்ரோலர்மேல் விழுந்தது. அதையும் நான்தான் துடைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம், ஆனால் உயிர் எனக்குக் குறையும். வௌவாலைத் தூக்கி வெளியே எறிந்தேன். திரும்ப வந்து நின்றது. மறுபடி எறிந்தேன். அதன் உயிர்கள் தீரும்வரை எறிந்தேன். திரை இருண்ட பிறகுதான் மற்றவர்கள் திரும்பினார்கள். அதற்குள் அவள் நாற்காலியிலிருந்து சரிந்து, தலை சிமெண்டுத் தரையில் மோதிக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று நீங்கள் சொன்னபோது வருத்தப்பட்டேன். மூன்றாவது ஆட்டத்துக்கு அவள் வராததால் விதிப்படி கோப்பை எனக்கு. அதைக் கேட்டு வாங்கியதை ஒரு குற்றமாக பிரெண்ட் சொன்னானாம். சின்னப் புத்தி.

தெரிந்துதான் செய்தேன், மறைக்கவில்லை. ஆனால் காரணம் ஆட்டம் மட்டும்தான். தரையில் நிற்கிற ஆளை வைத்துக்கொண்டு ஆடுகிறவன் தனக்குத் தோதான மேடையைத் தேடத்தான் செய்வான். யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

புயல் மேடையா? ஆமாம், பிரெண்ட் சொன்னது சரிதான். அதில் மூன்று அடுக்குப் பலகைகள். என் மல்லனுக்கு அதைவிட மோசமான மேடை பட்டியலிலேயே கிடையாது. அங்கே நான் யாரையும் ஜெயித்ததில்லை, லோசாவைத் தவிர.