ஒருவர் திரும்பி நடந்தால் போதும்

குளிர்காலத்தில் பறவை பார்க்கச் செல்பவருக்கு முதன்மையான தேவை கேமரா அன்று; இரண்டு இணை கம்பளிக் காலுறைகள். இதனை அறியாதவர்கள் விலையுயர்ந்த லென்சுகளைச் சுமந்துகொண்டு ஏரிக்கரைக்கு வந்து, அரை மணி நேரத்தில் கால் விறைத்துப்போய் வீடு திரும்புவதை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். என் தங்கையின் கணவருக்கு, அதாவது மாப்பிள்ளைக்கு, அன்று காலையிலும் இரண்டு இணைகளை நானே எடுத்துக் கொடுத்தேன். ஐயா அவர்கள் எழுதவிருக்கும் அறிக்கையில் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நடந்தவற்றை வரிசையாகக் கூறுவதே முறை. நான் காகித ஆலை ஒன்றில் பண்டகக் காப்பாளராகப் பணியாற்றினேன். ஆலை மூடப்பட்டபின், இரண்டு மாதம் தங்கிச் செல்லலாம் என்று தங்கை வீட்டுக்கு வந்தேன். பின்பக்க அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அதன் சன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். இரண்டு மாதம் ஒன்பது ஆண்டுகளாயிற்று. நல்ல சன்னல் அமைந்துவிட்டால் காலம் போவது தெரியாது.

மாப்பிள்ளை கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஆண்டு முழுவதும் பிறரை அசையாமல் உட்காரச் சொல்லிப் படம் எடுத்தவர், குளிர்காலம் வந்ததும் பறவைகளுக்காகத் தாம் அசையாமல் படுத்துக்கொள்வார். இதற்கென அவர் வெல்டிங் பட்டறையில் இரும்புப் பெட்டி ஒன்றைச் செய்வித்து, ஏரியின் விளிம்பில் குழி தோண்டி இறக்கியிருந்தார். ஏழடி நீளம், மூன்றடி அகலம், இடுப்பளவு ஆழம். முன்பக்கம், நீர்மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே, லென்சை நீட்டுவதற்கு ஒரு சாண் உயரமுள்ள ஒரு திறப்பு. மேலே நாணல் பரப்பிய மூடி. உள்ளே படுத்தால், நீந்தும் வாத்தின் கண்ணும் நம் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும். முதல் ஆண்டில் காற்று மூடியைத் தூக்கியடிக்கவே, பறவைகள் அனைத்தும் பறந்துவிட்டன. ஆகவே வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். அதனைப் பொருத்தியவன் நான்தான்; வேலை சுத்தமாக இருந்ததென்று மாப்பிள்ளையே பாராட்டினார்.

இனி என் பணியை விளக்குகிறேன். ஒருவர் தனியாகக் கரைக்குச் சென்று மறைந்துகொண்டால், பறவைகள் அந்த இடத்தை மறப்பதில்லை. இருவர் சென்று, ஒருவர் மறைந்து, மற்றவர் எல்லாப் பறவைக்கும் தெரியும்படி திரும்பி நடந்துவிட்டால், அவை ஆபத்து விலகிவிட்டதாக நம்பிவிடுகின்றன. அவற்றுக்கு எண்ணத் தெரியாது. நான் திரும்பி நடப்பவன். மூடியைச் சாத்தி, தாழிட்டு, நாணலைப் பரப்பி, பின்னால் பாராமல் கரைமேட்டுக்கு நடந்து சென்று, குறித்த நேரத்தில் மீண்டும் வந்து திறப்பேன். ஒளியும் ஒலியும் கூடாதென்பதால், அவருடைய செல்போன் என் பையில் இருக்கும்.

"மச்சான், உங்க முதுகைப் பார்த்தாத்தான் இந்தப் பறவைங்களுக்கு நிம்மதி" என்பார் மாப்பிள்ளை.

"எங்க அண்ணன் முதுகைக் கேலி பண்ணாதீங்க" என்பாள் தங்கை.

"கேலியா? நம்ம குடும்பச் சொத்தே அதுதாம்மா."

இதற்காக நான் வருந்தியதில்லை. ஒரு வீட்டில் ஒருவனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், தங்கை ஒரு நல்ல சேதி என்று தொடங்கினாள். மீதியை மாப்பிள்ளை சொன்னார்.

"என் கூட்டாளி ஒருத்தர் மருந்துக் குடோன் வச்சிருக்காரு மச்சான். ஸ்டோர் கீப்பர் வேலை. தங்குறதுக்கு ரூமும் குடுக்குறாங்க. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"ரயில்ல ஆறு மணி நேரம். பொசுக்குன்னு போயிடலாம்."

"அப்போ பெட்டியை யாரு மூடுவா?"

தங்கை சிரித்தாள். "நான் போறேன் அண்ணா. பன்னெண்டு வருஷமா இவருக்குப் பொண்டாட்டியா இருக்கேன், ஒரு வாத்தைக்கூட கிட்டத்துல பார்த்ததில்ல."

"உன்னை எந்தப் பறவையும் நம்பாதுடி. பாதி வழியில திரும்பித் திரும்பிப் பார்ப்ப" என்றார் மாப்பிள்ளை.

"பார்த்தா என்னவாம்? என் புருஷனைத்தானே பார்க்குறேன். நீங்க இனிமேலாவது உங்க வாழ்க்கையைப் பாருங்க அண்ணா. எங்களுக்காக எத்தனை வருஷம் குளிர்ல நிப்பீங்க?"

அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். முகம் மலர்ந்திருந்தது. மகிழ்ச்சியாக இருப்பதுபோல் காட்டிக்கொள்வதில் அவள் சிறுவயது முதலே வல்லவள். அவளைப் பேசவைத்தவர் யார் என்பது எனக்குப் புரிந்தது. பனியில் நிற்கவும், மூடியைத் தூக்கவும், கைவிறைக்கத் தாழிடவும் அவளைப் பழக்கப்போகிறார். அதற்குத் தடையாக இருக்கும் அண்ணனை ரயிலேற்றப்போகிறார். குடோன் அறைக்குச் சன்னல் உண்டா என்று கேட்டேன். "குடோனுக்கு எதுக்கு மச்சான் சன்னல்?" என்றார். அந்தக் கணத்திலிருந்து, என் அறையில் அமர்ந்திருக்கும்போதுகூட நான்கு சுவர்களும் அருகே வந்துகொண்டிருப்பதாக உணர்ந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அதன் வழியே செல்ல எனக்கு ஓர் இடம்தான் மிச்சமிருந்தது. அந்த இடத்தை நான் விரும்பவில்லை.

பெட்டியின் திறப்பு நீரை ஒட்டி இருப்பதால், ஏரியின் மட்டம் முக்கியமானது. வாரந்தோறும் நீர்வள அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைப் படித்து வந்து சொல்வதும் என் பொறுப்பே. திங்கட்கிழமை படித்தேன். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மேலணையைத் திறப்பார்கள் என்றும், நண்பகலுக்குள் ஏரி இரண்டடி உயரும் என்றும் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். இருமுறை படித்தேன்.

மாலையில் மாப்பிள்ளை, "மச்சான், தண்ணி எப்படி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தமில்ல மாப்பிள்ளை" என்றேன்.

ஒன்பது ஆண்டுகளில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் இதுவே. ஒரே ஒரு பொய்யைக்கொண்டு ஒருவனை முழுமையாக எடைபோடுவது நியாயமாகாது.

புதன்கிழமை ஆறு மணிக்கு இருவரும் கரைக்குச் சென்றோம். மூடுபனி இருந்தது. அவர் உள்ளே இறங்கிப் படுத்து, லென்சைத் திறப்பில் பொருத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பன்னண்டரைக்கு வந்தா போதும் மச்சான். நடுவுல என்ன ஆனாலும் வந்துடாதீங்க. அந்தக் கொண்டைக்காரன் இன்னிக்கி கண்டிப்பா வருவான்."

கொண்டைக்காரன் என்று அவர் குறிப்பிட்டது கொண்டையுடைய பெரிய முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவையை. நான்கு குளிர்காலங்களாக அதனை அருகில் படம் எடுக்க முயன்றுகொண்டிருந்தார். மூடியைச் சாத்தினேன். தாழிட்டேன். நாணலைப் பரப்பினேன். திரும்பி நடந்தேன்.

கரைமேட்டில் என் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தி, குறிப்பேட்டைத் திறந்தேன். அந்தக் குறிப்பேடு இப்போது ஐயா அவர்களின் மேசைமேல் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால், கையெழுத்து எவ்விடத்திலும் நடுங்கவில்லை என்பதைக் காணலாம். 8.50: நாமக்கோழிகள் முப்பத்திரண்டு, தட்டைவாயன் வாத்துகள் ஒன்பது. 9.25: லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. 9.30: திறப்பில் வெள்ளைத் துணி அசைகிறது. 9.40: துணி நனைந்து தொங்குகிறது, கை தெரிகிறது. 9.45: தட்டும் ஓசை; நாமக்கோழிகள் விலகிச் செல்கின்றன. 10.05: நாமக்கோழிகள் திரும்பி வந்தன, ஓசைக்குப் பழகிவிட்டன.

அவ்வேளையில், தினமும் கரைமேட்டில் நடைப்பயிற்சி செய்யும் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் என் அருகில் வந்து நின்றார்.

"என்ன சார், இன்னிக்கி ஒத்தையில உட்காந்திருக்கீங்க? உங்க படுத்துக்கிட்டே படம் எடுக்கிறவரு எங்க?"

"காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாரு டாக்டர்."

"ஏதோ டொக்கு டொக்குன்னு கேக்குதே?"

"படகுத்துறையில பலகைக்கு ஆணி அடிக்கிறாங்க."

"பனி நாள்ல அதுக்கு என்ன அவசரமோ" என்று கையைத் தேய்த்துக்கொண்டு நடந்துவிட்டார். நல்ல மனிதர். எதிரில் சொல்லப்பட்டதை நம்புவது அவர் குற்றமன்று.

பத்தேகாலுக்கு மாப்பிள்ளையின் செல்போன் என் பையில் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணாவா? அவரு எங்க? எஃப்எம்ல ஏதோ அணை தொறந்திருக்காங்கன்னு சொல்றான். பெட்டிக்குத் தண்ணி வராதுல்ல?"

"அது வேற ஏரிம்மா."

"நெசமாவா? போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்களேன்."

"கொண்டைக்காரன் பக்கத்துலயே நிக்குது. இப்போ போனா உன் புருஷன் என்னைக் கொன்னுடுவாரு."

அவள் சிரித்தாள். "சரி, சரி. ரெண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிட வாங்க" என்று வைத்துவிட்டாள்.

நான் அவளிடம் கூறியது முழுப் பொய்யன்று. நீர் உயர்ந்ததால் கரையோர மீன்கள் கலங்கி வெளிவர, கொண்டை முக்குளிப்பான் உண்மையிலேயே வந்துவிட்டது. 10.30: திறப்பிலிருந்து எட்டடியில் மூழ்கி, மீனோடு எழுந்தது. திறப்பில் அப்போது ஒரு விரற்கடை இடைவெளியே எஞ்சியிருந்தது. விரல்கள் மட்டும் தெரிந்தன. அவர் சற்று அமைதி காத்திருந்தால், நான்கு ஆண்டு உழைப்புக்கு நல்லதொரு படம் கிடைத்திருக்கும்.

ஒரு முறையாவது எழுந்து ஓடத் தோன்றவில்லையா என்று நேற்று வினவினீர்கள். 10.40 மணிக்கு எழுந்தேன். முக்காலியின் ஒரு கால் ஈர மண்ணில் இறங்கிவிட்டிருந்தது. அதனைச் சரிசெய்து அமர்ந்தேன்.

10.55: ஓசை இல்லை. 11.20: நாமக்கோழிகள் மூடிக்கு மேலாக நீந்துகின்றன.

பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரை. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கீழே இறங்கினேன். நீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. தாழ்ப்பாளைக் காலால் தடவிக் கண்டறிந்து, குனிந்து திறந்தேன். மூடியின் உட்புறத்தில் நகக்கீறல்கள் இருந்ததாகத் தங்கள் அலுவலர் பின்னர் தெரிவித்தார். நான் அதனைப் பார்க்கவில்லை. நான் பார்த்தது அவருடைய முகத்தை. கண்கள் நீர்மட்டத்துக்குக் கீழே, மேல்நோக்கித் திறந்திருந்தன.

நீர் உயரும் என்பதை அறிந்திருந்தேன். அறிந்தே அவரை உள்ளே இறக்கித் தாழிட்டேன். அவர் உதவி கேட்டதை ஒன்றரை மணி நேரம் கண்ணால் கண்டேன். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இருவரைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். விபத்து என்று முதல் நாள் கூறியதைத் திரும்பப் பெறுகிறேன். என் தங்கையின் கணவரைக் கொன்றவன் நான். எவரும் என்னைத் துன்புறுத்தி இதனைச் சொல்ல வைக்கவில்லை.

தங்கைக்காகவே செய்தேன் என்பதை மட்டும் பதிவு செய்யுங்கள். இனி அவள் பனியில் நிற்க வேண்டியதில்லை. செய்தியைச் சொன்னபோது அவள் சமையலறைத் தரையில் அமர்ந்து, "நீ பார்த்துக்கிட்டே இருந்தியா?" என்று ஒரே கேள்வியைப் பலமுறை கேட்டாள். என்னை அவள் ஒருமையில் அழைத்தது அதுவே முதல் முறை. நெருக்கம் கூடும்போது அப்படித்தான் வரும். ஐந்து வாரங்களாக அவள் இங்கு வரவில்லை. ஆனால் நேற்று என் உடைகள், புத்தகங்கள், படுக்கை, சன்னல் திரை உட்பட என் பொருட்கள் அனைத்தையும் மூன்று அட்டைப்பெட்டிகளில் கட்டி அனுப்பியிருக்கிறாள். நான் திரும்புவதற்குள் என் அறைக்கு வண்ணம் பூசி முடிக்க நினைக்கிறாள் போலும்.