மாது நீட்டிய தண்ணீர்

உச்சி வெயில். மொரப்பூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகிற சாலை. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை... காரில் இரண்டே பேர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் லாரி முதலாளி மாதவராஜ். ஓட்டியது அவரிடம் வேலை பார்த்த கிருஷ்ணப்பன், நம்ம தெருக் கலைமணியின் சித்தப்பா. கிட்டே வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதை இல்லை.

போன வருஷம் இவர்கள் இருவரும், கூட வேலை பார்த்த மாதுவுமாக மூன்று பேர் கானா நாட்டுக்குப் போர் போடப் போனார்கள். திரும்பியது இரண்டு பேர். மாது அங்கேயே மண்ணுக்குள் போய்விட்டான். தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று அவன் அம்மா பெரியம்மாளிடம் முதலாளி கூசாமல் புளுகிவிட்டார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று கிருஷ்ணப்பனையும் மிரட்டி வைத்திருந்தார். இன்றைக்காவது பெரியம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவன் வழியெல்லாம் மன்றாடினான். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

கானாவில் அவர்கள் போர் போடப் போனது ஒரு பெரிய சந்தை ஊர். அதற்கு ஒரு ராஜா. வெளியாள் யாரானாலும் முதலில் அவரைப் பார்க்க வேண்டும். சுரைக்குடுக்கையில் தண்ணீர் தருவார்கள். குடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். மாதுவும் கிருஷ்ணப்பனும் குடித்தார்கள். முதலாளி புறங்கையால் தள்ளிவிட்டார். மாது வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்காத சாதித் திமிர், கடல் தாண்டியும் அடங்கவில்லை. ராஜாவுக்காகப் பேசுகிறவர், குடிக்காதவரிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை, கேட்க வேண்டியவர் பிறகு வருவார் என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போது மாதுவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினான். போர் முடியட்டும் என்றார் அந்தப் பாவி. லாரிக்கு அடியில் படுத்தபடியே மாது செத்தான்.

தீர்த்தமலைச் சாலையில் கார் தானாக நின்றது... ஏசியிலிருந்து அந்தச் சந்தை ஊரின் மீன் சுடுகிற புகை நாற்றம். முதலாளி பக்கத்துக் கண்ணாடியில் டக்... டக்... கண்ணாடி தானே இறங்கியது. வெளியே மாது. விரலெல்லாம் ஈரச் செம்மண். கையில் குடுக்கை.

"குடிங்க மொதலாளி... கேக்கோணும்."

செத்தவன் கையிலும் அவர் வாங்கவில்லை. தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் தொண்டையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. ஆஸ்பத்திரியில் ஏற்றின குளுக்கோஸும் ஊசி வழியாகவே திரும்பி வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டியவர் யார் என்று கிருஷ்ணப்பனுக்குப் பிடிபட்டது; யாரையும் கேட்காமல் போய்ப் பெரியம்மாளைக் கூட்டி வந்தான். அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் வாயில் சாய்த்தாள். மடக்... மடக்... முழுதும் இறங்கியது.

"எம் பையன் எப்பிடிங்க செத்தான்?"

முதலாளி வாயைத் திறந்தார். வந்தது மாதுவின் குரல்.

"காச்சலும்மா... லாரிக்கு அடியிலயே போட்டு வெச்சிருந்தாரும்மா..."

சொந்தபந்தமெல்லாம் தெருவுக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் முதலாளியின் மூச்சு நின்றது. கிருஷ்ணப்பன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான், நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். உடம்பு சில்லிட்டுவிட்டது. உதடுகள் மட்டும் நிற்கவில்லை... பெரியம்மாள் குனிந்து, காதை வைத்து, ம்... ம்... என்று மகன் சொல்வதை விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.