மேயரும் சார்ஜனும்

இல்ல இல்ல, வாளிய அங்கயே வைங்க நாகேந்திரம் ஐயா. தொட்டியில விட முந்தி மூஞ்சியப் பாக்கோணும். வாலடியில கறுப்புப் புள்ளி இருக்கா? ரெண்டு பக்கமும்? சரி, இவன் மேயர். மற்றவன் கொஞ்சம் வெளிறினவன், இவன் சார்ஜன்.

சிரிக்காதீங்க. அஞ்சு மணிக்கு என்ட மகன் றமேஷ் டோஹாவில இருந்து வீடியோ கோல் எடுப்பான். அவன் வளத்த ரெண்டு ஒஸ்கார் மீனும் போய்ச் சேந்தது அவனுக்குத் தெரியா. தெரியவும் கூடாது. அதுக்குத்தான் வளர்ப்பு மீன் கடையில இருந்த உங்கள இந்த வெயிலுக்க இங்க கொட்டாஞ்சேனைக்கு ஓட வச்சது.

‘ஓமோம், அப்பிடியே சங்கதி’ எண்டு நீங்க இழுக்கிற இழுப்பிலயே உங்கட வெள்ளவத்தை மணக்குது போங்க! இருங்க. இல்ல, எழும்புங்க, தொட்டி மூடியத் துறக்க அந்தக் கதிரையில நான் ஏற வேணும். மணி என்ன?

எப்பிடிச் செத்ததா? அந்தா, மூலையில மீசையோட கிடக்கிறானே, ரெட்டெயில் கெளுத்தி, அவன்ட வேலை. வாங்கி வரேக்க இந்தச் சுண்டுவிரலளவு. றமேஷ் பேப்பரில எழுதி ஒட்டிட்டுப் போனான், இந்தா இன்னும் இருக்கு. குட்டிக்குக் கிழமைக்கு ரெண்டு தரம்தான் சாப்பாடு. பெரிய மீனெல்லாம் அவன்ட வாயவிடப் பெரிசா இருக்கிற வரைக்கும்தான் பயமில்ல. சாண் நீளம் வந்தா வேற தொட்டி.

வாசிச்சனான்தான். ஆனா நாங்க சோறு தின்னேக்க இவன் கண்ணாடியடியில வந்து வாயத் துறந்து துறந்து நிப்பான். இப்பிடி, பாருங்க, இப்பிடி! எங்கட சேர்ச் சாமியார் பிரசங்கத்துக்கு நடுவில மூச்சு வாங்குவாரே, அச்சு அவர்தான். பாவம் எண்டு முகத்துவாரத்துச் சூடை மீன நறுக்கி நறுக்கி ஒவ்வொரு நாளும் போட்டன். ஒரு வருஷத்தில முழங்கை நீளம்! பிரிக்கச் சொல்லி றமேஷ் மூண்டு ஞாயிறாத் தாயிட்டச் சொன்னான். நான் வாற கிழமை, வாற கிழமை எண்டு இருந்திட்டன். ஒண்டாப் படுத்தெழும்பினவனுகள்தானே எண்டு. திங்கள் விடியப் பாத்தா சார்ஜனக் காணல்ல. புதன் மேயர். இவன் வயித்தத் தள்ளிக்கொண்டு கிடக்கிறான்.

சேச்சே, உங்கட மீனத் தின்னமாட்டான். நடுவில கண்ணாடி வச்சு அடைச்சிட்டன். இப்ப அடைச்சன், மடையன்.

உண்மையச் சொன்னா என்ன எண்டா? ஆரு சொல்றது ஐயா? அவன் என்னோட கதைக்கிறேல்லையே.

ஒரு வருஷம். கிருலப்பனைக்குப் பொண்ணு பாக்கப் போனம். டில்ஷானி, நல்ல பிள்ள. எல்லாரும் கேக்கும் கையுமா இருக்காங்க. றமேஷுக்குச் சின்னதில இருந்தே வாய் திக்கும். அந்தப் பிள்ளட பேரச் சொல்லப் போய்த் திக்கிட்டான். என்னத்தான் தெரியுமே, ஆரையும் விடமாட்டன். அதே மாதிரிச் செஞ்சு காட்டிட்டன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. எப்பிடிச் செஞ்சன் எண்டு மட்டும் கேக்காதீங்க, அத நான் இனிச் செய்யமாட்டன். அடுத்த மாசம் அவன் பிளேன் ஏறிட்டான்.

கோல் தாய்க்குத்தான் வரும். அப்பா வீட்டில இல்ல எண்டு புளோறன்ஸ் சொல்லுவா. கைப்போன ஸ்பீக்கரில போட்டுத் தொட்டிக்கு நேர பிடிப்பா. மேயர், சாப்பிட்டியா, சார்ஜன், என்னடா மெலிஞ்சிட்டாய் எண்டு பத்து நிமிஷம் கதைப்பான். மீனோட கதைக்கேக்க அவனுக்குத் திக்கிறதே இல்ல ஐயா. ஒரு சொல்லுக் கூட. மீன் இல்லையெண்டா ஆரோட கதைப்பான், நான் எதக் கேப்பன்?

சரி, வாளியச் சரிச்சு ஊத்துங்க. மெதுவா, மெதுவா. ஆ, போகுதுகள்.

புளோ, போன் அடிக்குது, ஓடி வா!

இந்தப் பக்கம் வாங்க ஐயா, கதவுக்குப் பின்னால. இருமல் கிருமல் வாறதெண்டா இப்பவே இருமிடுங்க.